எதிரணிச் சட்டையில் எங்கள் ஊர்க்காரன்

எங்கள் ஊரான ஓட்டர் பெண்டில் ஒரு மர ஆலையும், சாயர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியும் இருந்தன. பெரிய லீக்குகளில் எங்கள் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அதைப் பற்றி எங்களுக்குக் கவலையும் இல்லை. அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். படித்தேன் என்று சொல்ல முடியாது, எழுத்து எனக்கு ஏறவே இல்லை. ஸ்கோர் பலகையை மட்டும் நன்றாகப் படிப்பேன்.

அண்ணன் உர்ஹோ ஆலையில் மரம் அடுக்கினான். விடியற்காலையில், ஷிஃப்ட்டுக்கு முன்னால், சாயர்ஸ் ஆட்கள் அடித்துப் பழக அவன்தான் கோலில் நிற்பான். அணியின் நிஜ கோல்கீப்பர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். அடியெல்லாம் உடம்பில் வாங்கிக்கொண்டு உர்ஹோ வேலைக்குப் போவான். ஒரு மேட்ச்சில்கூட இறங்கியதில்லை.

அந்தக் காலத்தில் அணிக்கு ஒரே கோல்கீப்பர்தான். எந்த அணியின் கோல்கீப்பருக்கு அடிபட்டாலும் மேட்ச் நடக்கிற ஊர்தான் மாற்று ஆள் தர வேண்டும். எங்கள் ஊரின் மாற்று ஆள் உர்ஹோ. மேட்ச் நாளில் கால்காப்பைக் கட்டிக்கொண்டு அரங்கின் கதவோரம் உட்கார்ந்து வறுத்த உருளைக்கிழங்கு தின்பான்.

அன்று மார்ட்டென் ஏரி என்ற ஊரின் அணியோடு அரையிறுதி. கடைசிப் பகுதியில் மூன்றுக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்தோம். எங்கள் கேப்டன் ரேயால் ஜிரூ அடித்த ரப்பர் வட்டு, அவர்கள் கோல்கீப்பரின் வாயில் பட்டது. முகமூடியெல்லாம் அப்போது கிடையாது. அவரைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். அரங்கமே கதவோரம் திரும்பியது.

"முடிஞ்சுது அவங்க கதை!" என்றாள் பக்கத்து வீட்டுப் பால்மீரா அக்கா. "நம்ம பையன்தானே நிக்கப்போறான். கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கோல் விட்ருவான்!"

உர்ஹோ மார்ட்டென் ஏரியின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான். விட்டுக்கொடுத்தால் ஊர் அவனைத் தோளில் தூக்கும், ஆனால் அதற்குப் பிறகு அவன் கோல்கீப்பர் இல்லை. விடாவிட்டால், இனியும் இதே ஊரில்தான் மரம் அடுக்க வேண்டும்.

முதல் அடியைக் கையுறையில் பிடித்தான். "சும்மா நடிக்கிறான்" என்று சிரித்தார்கள். அடுத்ததையும் பிடித்தான். அதற்கடுத்தது அவன் நெஞ்சில் பட்டு விழுந்தது. சிரிப்பு நின்றது.

ஆலை மேஸ்திரி ஹோபார்ட் எழுந்து கத்தினார். "டேய் உர்ஹோ! திங்கக்கிழமை ஆலைக்கு வரணும், ஞாபகம் இருக்கா?"

"வரேன் சார்! இப்ப கொஞ்சம் வேலையா இருக்கேன்!"

பால்மீரா அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, உங்கம்மா இவனுக்கு என்னத்தைப் போட்டு வளர்த்தா?"

"நீங்க குடுத்தனுப்புற பட்டாணி சூப்தான்க்கா."

கடைசி நிமிடத்தில் ரேயால் தனியாக வட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். வலப்பக்கம் சாய்வதுபோல் காட்டி இடப்பக்கம் அடிப்பது அவன் வித்தை. காலைதோறும் அதைப் பார்த்தவன் உர்ஹோ. அசையாமல் காத்திருந்து, கடைசியில் காலை நீட்டினான். வட்டு கால்காப்பில் பட்டுத் தெறித்தது. மணி அடித்தது. நாங்கள் தோற்றோம்.

அரங்கம் செத்துப்போனதுபோல் இருந்தது. மார்ட்டென் ஏரியிலிருந்து பஸ்ஸில் வந்த கூட்டம் மட்டும் குதித்தது. "எங்க கோல்கீப்பர்! எங்க கோல்கீப்பர்!"

அதை மட்டும் யாராலும் பொறுக்க முடியவில்லை. பால்மீரா அக்கா பெஞ்சின் மேல் ஏறினாள். "யாருடா உங்க கோல்கீப்பர்? சட்டைதான் உங்களுது, ஆளு எங்களுது!"

பலகைகள் அதிரக் காலால் உதைத்து ஊரே கத்தியது: "உர்ஹோ! உர்ஹோ!" முகம் சிவந்த ஹோபார்ட்டும் கத்தினார். நானும் கத்தினேன்.

ரேயால் சறுக்கிக்கொண்டு வந்து, அண்ணனின் கால்காப்பில் மட்டையால் தட்டினான். தடுப்போரம் நின்ற எனக்குக் கேட்டது.

"பாவி, குளிர்காலம் பூரா என் வித்தையெல்லாம் நானே உனக்குக் கத்துக்குடுத்திருக்கேன்டா."

"நல்லாத்தான் கத்துக்குடுத்தே."

"அடுத்த வருஷம் நம்ம கோல்ல நில்லு. அந்த ஆளு தூங்கட்டும்."

உர்ஹோ தலையாட்டினான். பச்சைச் சட்டையைக் கழற்றி அவர்கள் மேனேஜரிடம் நீட்டி, "வேர்வையா இருக்குங்க, மன்னிச்சுக்கங்க" என்றான்.

அந்த ஆண்டு கோப்பையை வென்றது யார் என்று கேட்டால் ஓட்டர் பெண்டில் ஒருவருக்கும் தெரியாது. அரையிறுதியில் எங்களைத் தோற்கடித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள், ஊரே சொல்லும்: எங்கள் உர்ஹோ.