பாடைக்கு முன்னே நடந்த பசு

எங்கள் வின்ஃபோல்டு கோயில் பேழையில் இருக்கிற புனிதரின் விரல் எலும்பின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு வெந்து போகட்டும்.

அண்ணன் தர்ஸ்டனின் உடலைச் சவத்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தான் ஹாமோ. தலைப்பக்கம் அண்ணி ஏவிஸ் தைத்தாள், அவனுக்குக் கால்பக்கம். இளையவனுக்கு எதிலும் கால்பக்கம்தான்.

"துணி நல்ல துணியா இருக்கே அண்ணி. நான் செத்தா சாக்குதான் கிடைக்கும்."

"முதல்ல செத்துக் காட்டு தம்பி, அப்புறம் பாக்கலாம்."

காய்ச்சல் அண்ணன் தம்பி இருவருக்கும்தான் வந்தது. தர்ஸ்டனைப் பார்க்க ஊரே வந்தது. ஹாமோவுக்கு வந்த காய்ச்சல் யாருக்கும் தெரியாமல் வந்த வழியே போய்விட்டது. அப்பன் செத்தபோதும் இதே கதைதான். நிலமும் ஏரும் வீடும் மூத்தவனுக்கு. இளையவனுக்கு ஒரு கன்று. அது வளர்ந்து புள்ளிப்பசு ஆயிற்று. 'என்னுடையது' என்று ஹாமோ வாய்திறந்து சொல்ல உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

வாசலில் குதிரைச் சத்தம் கேட்டது. பண்ணைக் காரியஸ்தர் ஃபுல்க் வந்துவிட்டார். குடியானவன் செத்தால் அவன் தொழுவத்திலேயே உசத்தியான மாடு பிரபுவுக்கு. அதைப் பாடைக்கு முன்னால் கோயில்வரை நடத்திப்போவார்கள். அடக்கம் முடிந்ததும் கயிறு காரியஸ்தர் கைக்கு மாறும். தொழுவத்தில் கட்டியிருப்பதெல்லாம் செத்தவனுடையது என்பது பண்ணைச் சட்டம். அதில் தம்பி பசு, தங்கை ஆடு என்றெல்லாம் கிடையாது.

"எது உசத்தி?" என்று கேட்டார் ஃபுல்க்.

எங்கள் ஊர் விதவைகள் இந்த இடத்தில் நல்ல மாட்டுக்கு வயிற்றுப்போக்கு என்பார்கள், கண் தெரியாது என்பார்கள். ஏவிஸ் அப்படிச் செய்யவில்லை.

"செவலை எருதுதான் ஐயா. பொய் சொல்லி என்ன ஆகப்போவுது. என் வீட்டுக்காரர் வளத்தது. ஏர் பூட்டினா, நில்லுன்னு சொல்றதுக்குள்ள அடுத்த ஊரு எல்லையில உழுதுக்கிட்டு நிக்கும். இந்த வட்டாரத்துல அதுக்கு ஈடு கிடையாது. அவருக்கும்தான்."

துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாமோவுக்குப் பொறுக்கவில்லை. பாடைக்கு முன்னால் செவலை நடக்கும். 'தர்ஸ்டன் எருதைப் பாரு' என்று தெருவே சொல்லும். பிணமான பிறகும் அண்ணன் முன்னே, தான் பின்னே.

"என் பசு என்ன மட்டமா?" என்றான்.

"தம்பி, சும்மா இரு," என்றாள் ஏவிஸ். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஏன் இருக்கணும்? இந்த எருதுக்கு என்ன தெரியும், திங்கவும் சாணி போடவும்தான். என் பசு பால்ல கொல்லனோட சுத்தியல் விழுந்து மிதந்துச்சு ஐயா, அவரையே கேளுங்க. கோயில் மணி அடிச்சா முட்டி போடும்."

"முட்டி போடுமா?"

அந்நேரம் பார்த்துச் சாவுமணி அடித்தது. விடிந்ததிலிருந்து நின்று அலுத்திருந்த பசு, முன்னங்கால் இரண்டையும் மடக்கி, அசைபோடப் படுத்தது. எல்லா மாடும் அப்படித்தான் படுக்கும். காரியஸ்தர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இதுதான் உசத்தி."

கூட்டத்தில் நின்ற கொல்லன் தலையில் அடித்துக்கொண்டதை ஹாமோ கவனிக்கவில்லை.

பசுவைப் பிடித்துக்கொண்டு அவனே முன்னால் நடந்தான். "யாரு பசு?" என்று கேட்டவர்களுக்கு, "ஹாமோவோடது" என்று பதில் வந்தது. பாதிரியாரே ஒதுங்கி வழிவிட்டார். நெஞ்சை விரித்து நடந்த ஹாமோ பாலத்தருகே ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அண்ணன் பின்னால் வந்துகொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவை.

குழி மூடிய பிறகு ஃபுல்க் கை நீட்டினார். ஹாமோ கயிற்றை உடனே விடவில்லை.

"இடப்பக்கமா உக்காந்து கறக்கணும் ஐயா. வலப்பக்கம் உக்காந்தா உதைக்கும்."

"சரிப்பா."

பசு திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

துக்கத்துக்கு வந்தவர்கள் பார்லிக் கள்ளைக் காலி செய்துவிட்டுக் கலைந்ததும், ஏவிஸ் ஒரு குவளையை அவன்முன் வைத்தாள்.

"உன் அண்ணன் நேத்தே சொன்னாரு. செவலை போனா உழவு போச்சு, வீட்டுல எல்லாரும் பட்டினிதான்னு."

ஹாமோ நிமிர்ந்தான்.

"'ஹாமோ காதுல விழுற மாதிரி செவலையைப் புகழ்ந்து பேசு, மத்ததை அவன் பாத்துப்பான்'னாரு."

ஹாமோ குவளையைத் தொடவில்லை. "வேறென்ன சொன்னாரு?" என்றான்.

"ஏரு இனிமே உன் கையிலன்னாரு."

அவன் எழுந்து தொழுவத்துக்குப் போனான். காலையில் பசுவுக்கு அவன் போட்ட வைக்கோல் அப்படியே கிடந்தது. செவலை கழுத்தை நீட்டிப் பார்த்தது, எட்டவில்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு வைக்கோலை இரு கையாலும் அள்ளி எருதின் முன்னால் போட்டான்.

"தின்னு," என்றான். "நீ ரெண்டாவதுதான்."

நான் சத்தியம் செய்த அந்தப் புனிதரின் பத்து விரல்களும் பக்கத்து ஊர் மடத்தில் இருக்கின்றன. திருவிழா அன்று யார் வேண்டுமானாலும் போய் எண்ணிப் பார்க்கலாம்.