உடைந்த ஷாஃப்டும் ஒரு புதன்கிழமையும்

ரேணிகுண்டாவுக்கு வெளியே அந்த அறிவியல் தொழில்நுட்பப் பூங்காவைத் திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரிய கட்டடம், உயர்ந்த ரகச் சோதனைக்கூடம், எல்லாம் இருந்தன, கம்பெனிகள்தாம் வரவில்லை. வந்த ஒரே கம்பெனியும் பெங்களூருக்கே திரும்பிவிட்டது. கம்பெனிகளை அழைத்துவரும் பொறுப்பு சித்தூர்க்காரி அபிகாயிலுடையது. மின்னஞ்சல் எழுதி எழுதி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

ஒருநாள் ஸ்கூட்டர் ஸ்டாண்டு உடைந்து, அதைப் பற்றவைக்கச் செங்கமலத்தின் பட்டறைக்குப் போனாள். நிலக்கடலை உரிக்கும் இயந்திரம் செய்கிற பட்டறை அது. மூலையில் இரும்புத் தண்டுகள் உடைந்து குவிந்து கிடந்தன.

"இன்னாக்கா, இவ்ளோ உடைஞ்சிருக்குது?"

"ஷாஃப்ட்டு மேடம். விஜயபுரம் பக்கம் வித்த மெஷினுங்க, ஓடிக்கினு இருக்கசொல்ல பட்டுனு உடையுது. இரும்ப மாத்திப் பாத்தேன், கடைய மாத்திப் பாத்தேன். ஒண்ணும் புரியல."

"எங்க லேப்ல காட்டலாமே?"

"அங்க எங்கள யாரு உள்ள உடுவாங்க?"

அபிகாயிலுக்குச் சுருக்கென்றது. பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு மட்டுமே அனுமதி என்பது விதி. மறுநாளே இயக்குநர் ரமணாவிடம் போய் நின்றாள்.

"ரூல்ஸ் இருக்குது கதா அம்மா," என்றார் அவர், தெலுங்கு கலந்த தமிழில்.

"மெஷின் மேல தூசிதான் சார் ஏறுது. புதன்கிழமை மட்டும் பட்டறைக்காரங்களுக்குத் தொறந்து உடுங்க. ஏதாவது ஆனா நான் பதில் சொல்றேன்."

அவர் புதன்கிழமைக்கு மட்டும் என்று அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை செங்கமலம் ஒரு கோணிப்பையில் ஆறு தண்டுகளோடு வந்தாள். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வரும் பொறியாளன் குணாவுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு கை நிறைய வேலை. அறுத்தான், தேய்த்தான், நுண்ணோக்கியில் பார்த்தான். மதியத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது.

"இரும்புல கோளாறு இல்லக்கா. காய்ச்சி எண்ணெயில முக்கினப்பறம் இன்னொரு வாட்டி எளஞ்சூட்டுல வெக்கணும். அத உட்டுட்டீங்க. அதான் கெட்டியா இருந்தும் கண்ணாடியாட்டம் உடையுது."

செங்கமலம் சிரித்தாள். "மூணு வருசமா கடைக்காரன இல்ல திட்டிக்கினு இருந்தேன்."

குணா சொன்னபடி இளஞ்சூட்டில் வைத்தெடுத்த தண்டுகளில் ஒன்றுகூட அந்தக் கடலைப் பருவத்தில் உடையவில்லை. சேதி பட்டறை பட்டறையாகப் பரவியது. புதன்கிழமை ஒரு நாள் போதவில்லை. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் திட்டத்தில் 'இரண்டாவது கட்டடம்' என்றிருந்ததை ரமணாவே பேனாவால் அடித்துவிட்டு, இன்னொரு சோதனை இயந்திரமும் ரயில் நிலையத்திலிருந்து ஒரு பஸ்ஸும் கேட்டு எழுதினார்.

மழைக்காலம் முடிந்ததும் செங்கமலம் பூங்காவிலேயே வேலைக்கென ஓர் அறை வாடகைக்கு எடுத்தாள். செடியிலிருந்து பச்சைக் கடலையைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு அவளும் குணாவும் வரைபடம் போடத் தொடங்கினார்கள். முதல் நாளே சண்டை. அபிகாயில் எட்டிப் பார்த்தாள்.

"பிளேடு இங்க வந்தா கடலை நசுங்கிப்பூடும்பா."

"கணக்குப்படி நசுங்காதுக்கா."

"கடலைக்குக் கணக்கு தெரியாது."

அபிகாயில் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மூன்று டீ சொல்லப் போனாள்.