பின்னால் வீடில்லாத ஜன்னல்

எங்கள் ஊரில் பழைய தெருக்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. தெருவைப் பார்த்த சுவரைத் தொடக்கூடாது. அதற்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதனால் வீட்டை வாங்குகிறவர்கள் முன்சுவரை மட்டும் இரும்புத் தூண்களால் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, கூரை, மாடி, தரை எல்லாவற்றையும் இடித்து லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். பிறகு அந்தச் சுவருக்குப் பின்னால் ஓட்டலோ வங்கியோ முளைக்கும். ஊர் பழமை மாறாமல் வளர்கிறது என்று அதற்குப் பெயர். சுளையைத் தின்றுவிட்டுத் தோலைக் காட்டி, பழம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்கிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது.

நாங்கள் விற்ற வீட்டுக்கும் அதே கதிதான். சித்தப்பா பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருந்ததால் விற்காமல் முடியவில்லை. அம்மா அந்தத் தெருவை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டாள். சரி, அவள் ஆசைப்படியே ஆகட்டும் என்று, நேர் எதிரே ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடிபோனோம். பெற்றவளை நாற்காலி போட்டு உட்கார வைத்து, சொந்த வீடு இடிபடுவதைப் பார்க்க வைத்த மகன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் அம்மா கலங்கவில்லை. கூரையைப் பிரித்த அன்று, "தூசி வருது, கொடியில இருக்கிற துணிய எடும்மா" என்று என் மனைவியிடம் சொன்னாள், அவ்வளவுதான். கடைசியில் முன்சுவர் மட்டும் தனியாக நின்றது. பின்னால் ஒன்றும் இல்லாததால் மாடி ஜன்னல்கள் வழியாக வானம் தெரிந்தது. என்னால்தான் அதை நின்று பார்க்க முடியவில்லை.

ஒரு நாள் காலை நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பால்கனியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"டேய், ஜன்னல தொறந்துட்டாங்கடா."

எந்த ஜன்னல் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மாடியில் வலக்கோடியில் இருந்த ஜன்னல். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது, எனக்கு ஆறு. தெருமுனையில் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டு எட்டிப் பார்த்தவள் கீழே விழுந்துவிட்டாள். அந்த வாரமே அம்மா கொத்தனாரை வரவழைத்து, அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பும் பூசச் செய்தாள். அப்பா சைக்கிளை விற்றார். அதற்குப் பிறகு அக்காவின் பேச்சை யார் எடுத்தாலும் அம்மா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். நாளாக நாளாக நாங்களும் எடுப்பதை விட்டுவிட்டோம். அப்பாவும் அவள் பெயரைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

இப்போது அந்த இடத்தில் செங்கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மற்ற ஜன்னல்களைப் போலவே இதுவும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நேராகத் தெருவைக் கடந்து, அங்கே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்க்கிடெக்ட் பெண்ணிடம் போனேன். என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். நகராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் பெரிய தாளில் பிளான் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிற கடை என்னுடையது. இந்த ஊரில் எது இடியப்போகிறது, எது எழும்பப்போகிறது என்பதெல்லாம் முதலில் என் மிஷினிலிருந்துதான் வெளியே வரும்.

"ஏம்மா, அடைச்சு வச்ச ஜன்னல யாரக் கேட்டுத் தொறந்தீங்க?"

"படத்துல இருந்துது சார்," என்றாள் சந்தோஷமாக. "மேஸ்திரி தட்டிப் பாத்தாரு, உள்ள வேற செங்கல். படத்துப்படி தொறந்துட்டோம். ஆபீஸ்ல கூட பாராட்டினாங்க, மறைஞ்சுபோன ஜன்னல மீட்டுட்டீங்கன்னு."

"அது எப்படிப் படத்துக்குள்ள வந்துச்சு? அத அடைச்சு நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே."

அவள் முகம் மாறியது. தலைக்கவசத்தைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"பூசி மெழுகாம சொல்லும்மா."

"வலது பக்கம் முழுக்க விளம்பரப் பலகை மறைச்சிருந்துது சார். அளக்க முடியல. பழைய வீடெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால இடது பாதிய வரைஞ்சு, அதையே கம்ப்யூட்டர்ல வலது பக்கம் திருப்பிப் போட்டுட்டேன். எல்லாரும் செய்றதுதான்."

எல்லோரும் செய்வதுதான். எனக்கும் தெரியும். என் கடைக்கு வருகிற பழைய வீட்டுப் படங்களில் பாதி அப்படிப் பாதியைத் திருப்பிப் போட்டவைதான். எங்கள் வீட்டுப் படமும் என் மிஷினில்தான் ஓடியது. தாளில் நான் பார்ப்பது ஓரமும் மடிப்பும்தான்; உள்ளே அரண்மனை இருந்தால் என்ன, மாட்டுக் கொட்டகை இருந்தால் என்ன.

"தெரியாம நடந்துடுச்சு. போகட்டும். மறுபடி அடைச்சிடுங்க."

"அடைக்க முடியாது சார். அப்ரூவ் ஆன படத்துல ஜன்னல் இருக்கு. இப்ப அடைச்சா பழைய முகப்ப மாத்தின குத்தம் எங்க மேல வரும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். இங்கே கிணறுகூட வெட்டவில்லை, வரைந்ததோடு சரி. நான் தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"நீங்க கவலப்படாதீங்க. அதுக்குப் பின்னாலதான் லிஃப்ட் வருது. அடுத்த வாரம் கான்கிரீட் சுவர் எழும்பிடும். வெளியில கறுப்புக் கண்ணாடி போட்டுடுவோம். பாக்கத்தான் ஜன்னல், உள்ள ஒண்ணும் இருக்காது."

அது எனக்கு நல்ல செய்தியாகப் பட்டது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "நீ ஒண்ணும் யோசிக்காத. அடுத்த வாரம் லிஃப்ட் சுவர் வந்து அது தானா அடைஞ்சிடும்."

அம்மா என்னையே பார்த்தாள்.

"திரும்பவுமா?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் பால்கனி நாற்காலியை விட்டு எழவில்லை. குளிக்கவும் படுக்கவும்கூட என் மனைவி கெஞ்சிக் கூத்தாடி உள்ளே கூட்டிவர வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் மாலை, மடியில் ஒரு சீப்பும் சிவப்பு ரிப்பனும் இருந்தன. ரிப்பனை எங்கே வைத்திருந்தாள், இத்தனை வருஷம் எப்படிக் காப்பாற்றினாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

"அங்க நிக்கிறாடா," என்றாள் என்னிடம். "தலையப் பாரு, எப்படிச் சிக்கு விழுந்திருக்குன்னு."

"அம்மா, அங்க தரையே கிடையாது. எது மேல நிப்பா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நிக்கிறா."

நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மாடியில் மொத்தம் ஆறு ஜன்னல்கள். ஐந்தில் சாயங்கால வானம் தெரிந்தது. அந்த ஆறாவதில் மட்டும் வானம் தெரியவில்லை. அதில் இருட்டாக இருந்தது, உள்ளே ஒரு அறை இருப்பதுபோல, அந்த அறையில் இன்னும் விளக்குப் போடாததுபோல.

மறுநாள் மேஸ்திரியிடம் போய், அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஏதாவது தார்ப்பாய் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டேன்.

"அங்க என்ன சார் இருக்கு கட்டுறதுக்கு? வெட்டவெளி," என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஏன் கேக்குறீங்க?" என்றார்.

"சும்மாதான்."

"நானும் சும்மாதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரத்துக்குள் அம்மா பாதியாகிவிட்டாள். எப்போதும் பக்கத்தில் இருக்கிற யாரிடமோ பேசுவதுபோலத் தணிந்த குரலில் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கள் வாடகை வீட்டுக்குள் நுழையவே பயமாக இருந்தது. என் மனைவி பயப்படுகிற ரகம் இல்லை. ஆனால் அவளும் பால்கனிப் பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டாள்.

சுவர் எழும்புவதற்கு முந்திய நாள், நடந்ததற்கு வருத்தம் சொல்ல ஆர்க்கிடெக்ட் பெண்ணே வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளைக் கோபிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "எப்பம்மா ஊத்தப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்குக் காலைல பலகை அடிச்சு, மதியம் கான்கிரீட் ஊத்திடுவோம் பாட்டிம்மா."

அவள் போன பிறகு அம்மா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். தண்ணீர் டம்ளரையும் நகர்த்தினாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு வேளை தவறினாலே கை நடுங்கி, கண் இருண்டுவிடும்.

"நீ போய் அவளக் கூட்டிட்டு வா," என்றாள். "அது வரைக்கும் எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அம்மா, நான் சொல்றதக் கேளு..."

"நீ கேளுடா. அன்னிக்கு அவ அந்த ரூமுக்குள்ளதான் இருந்தா. எனக்குத் தெரியும். கீழ விழுந்தது உடம்பு. அவ பயந்துபோய் உள்ள ஓடிட்டா. நான்தான் அவசரப்பட்டு அடைச்சுட்டேன். அந்தப் பக்கத்துல இருந்து தட்டுவா. காதுல விழாத மாதிரி நான் எந்திரிச்சுப் போயிடுவேன்." அவள் குரல் உடையவே இல்லை, அதுதான் என்னை உடைத்தது. "இன்னொரு தடவ வச்சு அடைக்கிறதப் பாத்துட்டு நான் உயிரோட இருக்க மாட்டேன்."

அடுக்களைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். பெத்த மனம் பித்து என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "போய்ட்டு வந்துடுங்க," என்றாள். "கூட்டிட்டு வர்ற மாதிரி நடிச்சாப் போதும். அத்தை சாப்பிட்டாப் போதும்."

வேலை முடிந்து ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்த நேரம். மேஸ்திரி ஒன்றும் கேட்காமல் ஒரு தலைக்கவசத்தை எடுத்துக் கொடுத்தார். லிஃப்ட் சுவருக்காக உள்பக்கம் சாரம் கட்டியிருந்தார்கள். சவுக்குக் கம்புகளில் சாய்த்திருந்த ஏணியில் ஏறி, பலகைமேல் நடந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் போனேன். எங்கள் அறை இருந்த இடத்தில் நின்றேன் என்று சொல்லலாம், அறைதான் இல்லை. ஜன்னலை ஒட்டிய சுவரில் மட்டும் பழைய பச்சை வண்ணம் ஒரு முழத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே பலகை இடுக்கு வழியாக லிஃப்டுக்குத் தோண்டிய குழி தெரிந்தது.

ஜன்னலில் ஒன்றும் இல்லை. வெறும் சட்டம், அதற்கு அப்பால் தெரு, தெருவுக்கு அப்பால் எங்கள் பால்கனி. அம்மா நாற்காலியில் இருந்தாள், பின்னால் என் மனைவி நின்றாள். இவ்வளவு கிட்டத்திலா இருக்கிறோம் என்று தோன்றியது. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஏமாற்றம். நாற்பத்தேழு வருஷமாக அந்த ஏமாற்றத்தை எனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அவள் வேண்டும். எனக்கும் அவள் வேண்டும்.

நடிக்கத்தானே வந்தோம் என்று, அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி கையை நீட்டினேன். எப்படிக் கூப்பிடுவது? எனக்கு ஐம்பத்து மூன்று வயது, முட்டிவலிக்குத் தைலம் போடுகிறவன். அவளுக்கு ஒன்பது. இருந்தாலும் அக்கா அக்காதானே.

"அக்கா, வா போலாம்," என்றேன். "அம்மா சாப்பிடாம உக்காந்திருக்கா."

பலகை லேசாக அசைந்தது. காற்றாக இருக்கும்.

எதிரே அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஒரு வாரமாக யாரும் தூக்காமல் அவள் எழுந்ததில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னை ஒரு தடவையும் எனக்குப் பக்கத்தில் என் இடுப்பு உயரத்தை ஒரு தடவையும் பார்த்தாள். பிறகு, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற அந்தப் பழைய குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ரெண்டு பேரும் பாத்து இறங்குங்க."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பி ஏணியில் கால் வைத்தேன். கீழேயிருந்து மேஸ்திரி கத்தினார்.

"ரெண்டு கையாலயும் புடிச்சு இறங்குங்க சார். ஏணி ஆடுது."

ஆடத்தான் செய்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கையால்தான் என்னால் ஏணியைப் பிடிக்க முடிந்தது. இன்னொரு கை காலியாக இல்லை.