வாசலில் புதைத்த தம்பி

இந்தக் காலத்து ஆட்கள் மண்ணைக் கையால் தொடுவதில்லை. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நீட்டிப் பார்த்துவிட்டு விஷம் என்கிறார்கள்.

மூடிப்போன பேட்டரி உருக்காலையின் வளாகத்தில்தான் என் வீடு. ஈயம் கலந்த மண்ணை அள்ள வாசலைத் தோண்டினார்கள். என் மகள் வினார்னி பிறந்தபோது நஞ்சுக்கொடியைப் பானையில் வைத்து அங்கேதான் புதைத்தேன். எங்கள் ஜாவாக்காரர்களுக்கு அது பிள்ளையின் தம்பி. தம்பி வீட்டைவிட்டுப் போனால் பிள்ளையும் போய்விடும்.

“பானையை மட்டும் விட்டுடும்மா,” என்றேன் பொறியாளர் ரத்ரியிடம்.

அவள் கருவியைப் பானையில் வைத்துப் பார்த்தாள். “தம்பி வயிறு முட்ட ஈயம் தின்னிருக்கான், தாத்தா. விட முடியாது.”

வினார்னி சிரித்தாள். “அப்பா, மண்ணை எங்க கொண்டுபோய்ப் புதைக்கிறாங்க தெரியுமா? என் புருஷன் ஊர்ப் பக்கம். நான் என்னைக்கோ போயிட்டேன், தம்பி இப்பதான் வர்றான்! இருந்தும் வாராவாரம் வந்து உங்க சோத்தைத் தின்னுட்டுத்தானே போறேன்?”

“அவன் இங்க இருந்தான், அதான் நீ வந்தே. அடுத்த வாரம் பாப்போம்.”

பானை லாரியில் ஏறியது. நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் நடந்தேன்.