தளராத வளையம்

மூன்று வாரமாக வளையம் தளரவில்லை. இது ஃபத்ஹியின் கைவரிசைதான் என்பதில் இப்திஹாலுக்குத் துளியும் சந்தேகமில்லை.

அலெக்சாந்திரியாவில் அவர்கள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில், எலியின் பெருந்தமனியை மோதிரம்போல நறுக்கி, வெதுவெதுப்பான உப்புநீரில் இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டுவார்கள். ஒரு மருந்தால் வளையத்தை இறுக்கிவிட்டு அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு மருந்தை விட்டால், உட்சுவர்ச் செல்கள் தசைச் செல்களுக்கு ‘விடு’ என்று சேதி அனுப்பும். வளையம் தளரும், திரையில் கோடு இறங்கும். அந்தச் சேதிதான் அவளுடைய நான்கு வருட ஆராய்ச்சி. வியாழக்கிழமை பேராசிரியை சமீஹாவின் கண்ணெதிரே கோடு இறங்காவிட்டால் பட்டம் போச்சு.

பக்கத்து மேசையில் ஃபத்ஹிக்கு மட்டும் எப்படி இறங்குகிறதாம்? அதே எலி, அதே மருந்து! அவள் அவனோடு பேச்சை நிறுத்தினாள். மருந்துப் புட்டியை ஐஸ் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

“மருந்துக்குப் பூட்டா? உன் கல்யாண நகையா அது?” என்றான் ஃபத்ஹி.

“திருட்டுக் கை பக்கத்துலயே இருக்கே” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

புதன்கிழமை காலை பேராசிரியையிடம் அவன்மேல் புகார்க் கடிதமே கொடுத்துவிட்டாள். மதியம், கையும் களவுமாகப் பிடிக்கும் ஆத்திரத்தில் புட்டியை அவன் முன்னால் டக்கென்று வைத்தாள்.

“என் மருந்து, என் எலி. என் கண்ணு முன்னாலயே நீ மாட்டு, பாப்போம்.”

அவன் மாட்டினான். கோடு சரசரவென்று இறங்கியது.

“அடப்பாவி! என்னத்தப் போட்ட?”

“ஒண்ணும் போடல. நான் துடைக்கல, அவ்வளவுதான். ரத்தக்கட்டி இருக்குன்னு டாக்டர் சமீஹா குறை சொன்ன நாள்லேருந்து நீ பஞ்சு நூலை உள்ள விட்டுத் தேய்க்கிறியே, உட்சுவர் செல் எல்லாம் அதோடயே வழிச்சிக்கிட்டு வந்துடுது. சேதி சொல்ல ஆளில்லாம தசை எப்படித் தளரும்?”

அவளுக்கு முகம் எரிந்தது. “தெரிஞ்சே ஏன் சொல்லல?”

“ரெண்டு தரம் சொல்ல வந்தேன். நீதான் எழுந்து போயிட்டியே.”

வாசலில் அலுவலக ஊழியர் தலை நீட்டினார். “ஃபத்ஹி, டாக்டர் சமீஹா உடனே வரச் சொன்னாங்க.”

அவன் கையுறையைக் கழற்றினான். “நாளைக்குத் துடைச்சுத் தொலைக்காத, தாயே.”

“ஃபத்ஹி, நில்லு.” அவள் அவன் பின்னால் ஓடினாள். “அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்.”

“எந்தக் கடிதம்?” என்று அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்.