டீசலில் குளித்த ஐட்லர்

சத்தம் வரவில்லை. சங்கமித்ராவுக்கு முதலில் உறைத்தது அதுதான்.

மணி ஏழேகால். மர்பி டவுனை டிசம்பர் பனி மூடியிருந்தது. கராஜ் ஷட்டரைத் தூக்கியதும் பனியும் கூடவே உள்ளே நுழைந்து, ஜாக்கி மேலும் டயர்கள் மேலும் உட்கார்ந்துகொண்டது. அவள் ஒரு கையில் டீ கிளாஸ். இன்னொரு கையில், யூனிஸ் மிஸ்ஸின் காரிலிருந்து நேற்று கழற்றிய பழைய ஐட்லர். டைமிங் பெல்ட் தடம் மாறாமல் ஓட வழி காட்டுகிற சின்ன உருளை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

தூக்கக் கலக்கத்தில் அதை விரலில் மாட்டி ஒரு சுண்டு சுண்டினாள்.

தேனுக்குள் சுற்றுவது போல மெல்லச் சுற்றியது. வழவழவென்று, அவசரமே இல்லாமல். பிறகு தானாக நின்றது.

இன்னொரு முறை சுண்டினாள். அதே தேன்.

பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கோ தொலைவில் ஒரு கிரகம் தனக்குத்தானே சுற்றிக்கொள்வது மாதிரி. அரை நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம்தான் டீ கிளாஸ் கையிலிருந்து நழுவியது.

பழைய ஐட்லர் இப்படிச் சுற்றாது. கிரீஸ் வற்றிப்போனது அது. சுண்டினால் மணலை அரைக்கிற மாதிரி கரகரக்கும். அந்தக் கரகரப்பைக் கேட்டுத்தானே யூனிஸ் மிஸ் வண்டியையே கொண்டுவந்து விட்டார்?

இது பழசு இல்லை. புதுசு.

அப்படியென்றால் பழசு?

பழசு இப்போது வண்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை நடந்தது அவளுக்கு வரி வரியாக ஞாபகம் இருந்தது. "பெல்ட் மட்டும் மாத்திக் குடு, மித்ரா. போதும்" என்று வந்து நின்றார் யூனிஸ். ரெண்டு தெரு தள்ளி வீடு. ஆனேக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"பெல்ட் மட்டும் மாத்தினா பாதி வேலை, மிஸ். வண்டி தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடிடுச்சு. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனருக்கும் அதே வயசு. ஐட்லருக்கும் அதே வயசு. வாட்டர் பம்பையும் இந்த பெல்ட்தான் சுத்துது. நாளைக்கு பம்ப் பிடிச்சுக்கிச்சுன்னா புது பெல்ட்டும் அறுந்துடும்."

"வேற?"

"கேம் சீல், கிராங்க் சீல். ஆயில் ஒழுகி பெல்ட் மேல பட்டா ரப்பர் ஊறிடும். டென்ஷனர் போல்ட் ஒரு தடவை முறுக்கினதை மறுபடி போடக் கூடாது. பம்பைக் கழட்டினா கூலன்ட் கொட்டிடும், அதுவும் புதுசு. மொத்தம் எட்டு சாமான்."

"பெல்ட்டே அறுந்தா என்ன ஆகும்?"

"வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். இஞ்சின் அப்படியே நின்னுடும். ஹைவேல நின்னுச்சுன்னா பிரேக்கும் கல்லு மாதிரி ஆயிடும்."

யூனிஸ் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். "எட்டும் மாத்திடு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எட்டும் மாத்தியாச்சு என்றுதான் நேற்று சாயந்தரம் சாவியைக் கொடுத்தாள்.

"என்னம்மா, கிளாஸையெல்லாம் போட்டு உடைக்கிற? யார் மேல கோவம்?" என்றபடி மைக்கேல்ராஜ் உள்ளே வந்தான். கராஜில் பாதிக்குப் பாதி கூட்டாளி.

"மைக்கேல், நேத்து பழைய சாமானெல்லாம் எப்ப கழுவின?"

"நீ பம்ப் மாட்டிட்டு இருந்தப்போ. ஏன்?"

அந்தக் கடையின் வழக்கம் அது. கழற்றிய சாமான்களை டீசலில் கழுவித் துடைத்து, புதுச் சாமான் வந்த டப்பாவிலேயே போட்டுக் கஸ்டமரிடம் காட்டுவார்கள். கிரீஸோடு கொடுத்தால் டிக்கி பாழாகிறது என்று யாரோ சண்டை போட்ட நாளிலிருந்து இப்படி. யூனிஸ் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு நான் ஊறுகாயா போடுவேன்? இங்கயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"கழுவினதை எங்க வச்ச?"

"பேப்பர் மேலதான்..." மைக்கேல்ராஜ் பாதியில் நிறுத்தினான். அவன் முகமும் மாறியது. அதே பேப்பர் மேல்தான் புது ஐட்லரும் இருந்தது. இரண்டும் பளபள.

"மாட்டினது நான்தான்" என்றாள் சங்கமித்ரா.

"ஆனா சாயந்தரம் ஸ்டார்ட் பண்ணப்போ ஒரு சத்தமும் இல்லையே, மித்ரா. நானும்தான் கேட்டேனே."

"டீசல்ல ஊறிட்டா, ஐட்லருக்குள்ள இருக்கிற பேரிங் கொஞ்ச தூரம் வாயை மூடிட்டுத்தான் ஓடும். மிச்சம் மீதி இருந்த கிரீஸையும் கழுவி விட்டுட்டோம். டீசல் காஞ்சதும் இறுகிடும்."

போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது யூனிஸ் போனைத் தொடமாட்டார். கைப்பையில் போட்டுப் பையை டிக்கியில் வைத்துவிடுவார். அதுவும் இன்று மகள் ஸ்னேஹா பின் சீட்டில் இருப்பாள். ஒன்றாம் வகுப்பு, அதே பள்ளிக்கூடம்.

ஏழு மணிக்கே கிளம்பியிருப்பார்கள்.

ஸ்கூட்டரை எடுத்தாள். ஐட்லரை டப்பாவில் போட்டு மடியில் திணித்துக்கொண்டாள்.

நகரம் இன்னும் விழிக்கவில்லை, விழித்ததுபோல நடித்துக்கொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து பஸ்கள் முகம் மட்டும் காட்டி மறைந்தன. சில்க் போர்டு சிக்னலில் கார்கள் ஒன்றையொன்று மூச்சால் சூடாக்கிக்கொண்டு நின்றன. யூனிஸின் காரும் இங்கே கால் மணி நேரம் மாட்டியிருக்கும். ஸ்கூட்டர் சந்து பார்த்துப் புகுந்தது. மேம்பாலத்தின் கீழே தூண்கள் வந்துகொண்டே இருந்தன. மேலே பாலம் இருப்பதாகவே தெரியவில்லை. ஒரு தூண், இன்னொரு தூண், அடுத்தது. ஓட்டுகிறோமா, தூண்கள்தான் நடந்து வருகின்றனவா என்று ஒரு நொடி குழம்பினாள்.

காதில் மட்டும் ஒரு கரகரப்பு. பக்கத்து ஆட்டோவிலா? லாரியிலா? எல்லா வண்டியிலும் அதே ஐட்லர் ஓடுவதுபோல இருந்தது.

பொம்மசந்திராவில் வரிசையாக லாரிகள். எதன் முன்னாலும் நசுங்கிய வெள்ளைக் கார் இல்லை. ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் மூச்சு விட்டாள். சந்தாபுரத்தில் வலது பக்கம் திரும்பினாள். ஆனேக்கல் ரோடு.

ஏரிக்கரையில் நின்றது கார்.

தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத வெள்ளை. அதற்கு நடுவே நான்கு கதவும் திறந்து, பானெட்டும் திறந்து, ரெக்கை விரித்த பெரிய பறவை மாதிரி அந்தக் கார். தண்ணீர்மேல் நாரைகள் அசையாமல் நின்றன. யூனிஸ் மிஸ் இஞ்சினுக்குள் குனிந்து, மென்மையான குரலில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ப்ஸ்... ப்ஸ்... வாடா செல்லம்."

"அங்கதாம்மா அழுவுது" என்றாள் ஸ்னேஹா. "குட்டி ரொம்பக் குட்டி."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல் ஒன்று. பூனைக்குட்டி குளிரில் அழுவது போலவேதான் இருந்தது. கூடவே ரப்பர் கருகும் வாடை. யூனிஸின் கை உள்ளே நீண்டது.

சங்கமித்ரா ஸ்கூட்டரைச் சாய்த்தபடியே விட்டுவிட்டு ஓடினாள். கதவுக்குள் பாய்ந்து சாவியைத் திருப்பினாள்.

கீச்சுக் குரல் நின்றது. ஏரி முழுக்க அமைதி. ஒரு நாரை மட்டும் காலை மாற்றி வைத்தது.

"மித்ரா? நீ எங்க இங்க?"

"பூனை இல்ல, மிஸ். அது ஐட்லர். பழசையே மாட்டிட்டேன். புதுசு என்கிட்ட இருக்கு." டப்பாவை நீட்டினாள்.

யூனிஸ் டப்பாவை வாங்கவில்லை. திறந்து கிடந்த கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். நாலாவது கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"எட்டு சாமான்னு சொன்னது நீதானே?"

"ஆமா, மிஸ்."

"எட்டும் மாத்தியாச்சுன்னு சொன்னது?"

"நான்தான்."

"எம் பொண்ணு பின் சீட்டுல இருந்தா. பொம்மசந்திராலேர்ந்து இவ்ளோ பெரிய லாரி ஒண்ணு எங்களை ஒட்டியே வந்துச்சு. இவ பூனைன்னு சொல்லலைன்னா நான் நிறுத்தியே இருக்கமாட்டேன்."

சங்கமித்ரா டப்பாவை டயர் பக்கத்தில் தரையில் வைத்தாள். மன்னிப்பு என்ற சொல் இதற்குப் போதாது.

பனிக்குள்ளிருந்து ஆனேக்கல் பஸ் வந்தது. யூனிஸ் கை காட்டி நிறுத்தினார். டிக்கியிலிருந்து பையை எடுத்தார். ஸ்னேஹாவை முதலில் ஏற்றினார்.

"நாலு மணிக்கு இங்க வருவேன்" என்றார் படியில் நின்று. முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு, சங்கமித்ரா போனில் சொன்ன இடத்துக்கு, மைக்கேல்ராஜ் டூல்ஸ் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். கையில் ஒரு புது பெல்ட்டும் இருந்தது.

"பெல்ட் எதுக்கு? நேத்துதானே போட்டோம்" என்றாள்.

"கவரைக் கழட்டிட்டுச் சொல்லு."

கழற்றினார்கள். ஐட்லர் நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. விரலால் சுற்றிப் பார்த்தாள், நகரவே இல்லை. ஒரு நாள் வயசான பெல்ட்டின் முதுகு தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது.

"சரிதான். பெல்ட்டும் போச்சு" என்றாள்.

"இனிமே பழசைக் கழுவுறதே வேணாம், மித்ரா."

"கழுவு. புதுசு எல்லாம் வண்டிக்குள்ள போனப்புறம் கழுவு."

வெயில் ஏறி ஏரி மெல்ல நீலமானது. ஐட்லர், பெல்ட், புது போல்ட். நேற்று போட்ட மற்ற சாமான்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, பல்சக்கரங்களின் குறிகள் நேர்க்கோட்டில் வருகின்றனவா என்று பார்த்தாள். வந்தன. நம்பாமல் இன்னும் இரண்டு சுற்று. மைக்கேல்ராஜ் சிரிக்கவில்லை. பிறகு ஆனேக்கல் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாள். மறுபடியும் ஒரு தடவை போய் வந்தாள்.

நாலு மணிக்கு ஸ்னேஹாவோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார் யூனிஸ். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஓட்டிப் பாத்தியா?"

"ரெண்டு தடவை, மிஸ்."

"ஏறு."

"ஸ்கூட்டர் இருக்கே..."

"மைக்கேல் கொண்டு வரட்டும். நீ பின் சீட்டுல உக்காரு. ஸ்னேஹா பக்கத்துல."

ஏறினாள். கார் கிளம்பியது. சந்தாபுரம் தாண்டி ஹைவேயில் ஏறியதும் பின்னால் ஒரு லாரி வந்து ஒட்டிக்கொண்டது. அதன் ஹெட்லைட் இரண்டும் பின் கண்ணாடியில் சூரியன்களாக வீங்கின. சங்கமித்ரா கண்ணை மூடி இஞ்சினை மட்டும் கேட்டாள். பெல்ட்டைக் கேட்டாள், பம்பைக் கேட்டாள், டென்ஷனரைக் கேட்டாள். ஒவ்வொன்றும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் கலந்து ஒரே முனகலாகி, அந்த முனகல் பனி மாதிரி இறங்கி அவளை மூடியது.

ஸ்னேஹா அவள் தோளில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சங்கமித்ராவின் தலையும் ஸ்னேஹாவின் தலைமேல் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

யூனிஸ் கண்ணாடியில் பார்த்தார். மர்பி டவுன் வரும்வரை எழுப்பவில்லை.