எட்டாவது பட்டை

டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள் சிட்டாள் அத்தை. ஒரு பழைய பட்டுச் சேலை, இரண்டு வேட்டி, அந்துருண்டை, சாவி இல்லாத பூட்டு எல்லாம் விழுந்தன. அவள் தேடியது விழவில்லை.

“ஏத்தா சீதா, தம்பி சாதகத்த எங்கடி வச்ச?”

வள்ளிக்கண்ணுவின் அம்மா சீதாலட்சுமி, கூடத்தில் கிடத்தியிருந்த புருஷனின் கால்மாட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காலையில் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, “நெஞ்ச அடைக்குது” என்று சாய்ந்த மீனாட்சிசுந்தரம் ஆசாரி, டாக்டர் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும்.

அவர்கள் வகையறாவில் செத்தவரின் சாதகத்தை நெஞ்சின் மேல் வைத்துத்தான் தூக்குவார்கள். வைக்காமல் தூக்கினால், மிச்ச ஆயுளைக் கேட்டு வாசலில் வந்து நிற்பாராம். நாட்டரசன்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த அத்தை, தம்பியின் மேல் விழுந்து அழுது முடித்த கையோடு அதைத்தான் கேட்டாள்.

வள்ளிக்கண்ணு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே ஒரு வேலையும் இல்லை. சாவு வீட்டில் அடுப்பு ஏது? தண்ணீர்ச் செம்பை எடுத்தாள், வைத்தாள். திரும்பக் கூடத்துக்கு வந்தாள். தலைமாட்டு விளக்கின் திரியைத் தூண்டினாள். அது ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்தது. கொல்லைக்குப் போனாள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அண்ணாந்து மட்டும் அவள் பார்க்கவே இல்லை.

அண்ணாந்தால், அப்பாவின் முகத்துக்கு நேர் மேலே, பல்பைச் சுற்றி அந்தக் காகித விளக்குக் கூடு தொங்கியது.

பழைய சாமான் கடைக்காக அப்பாவும் மகளும் செய்து கொடுக்கும் கூடுகளில் ஒன்று. கானாடுகாத்தான் பக்கம் வீடு ஒழிக்கிறவர்கள் எடைக்குப் போடும் பழைய பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, துணிமில் லேபிள் எல்லாம் அவள் கைக்கு வரும். மல்துணியில், பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்த பசை தடவி, தாளை ஒட்டி, காய்ந்ததும் பட்டை பட்டையாக வெட்டுவாள். குத்தூசியால் துளை போட்டு, பட்டைகளை ஒன்றோடொன்று தைத்துக் கம்பிச் சட்டத்தில் ஏற்றுவாள். துளை நெருங்கினால் தாள் தபால்தலை மாதிரிக் கிழியும். துணியில் தப்பாகத் தைத்தால் பிரிக்கலாம். தாளில் போட்ட துளை போட்டதுதான்.

சட்டம் அப்பாவின் வேலை. கம்பியைக் குறடால் முறுக்கி முடித்து, தரையில் வைத்து, “ஆடுதா பாரு” என்பார். ஆடினால் மறுபடி குறடு.

இந்தக் கூட்டுக்கு எட்டுப் பட்டை. எட்டாவதுக்கு வைத்திருந்த தாளை ஒட்டுவதற்கு முன்பே கரையான் அரித்துவிட்டது. அதே பழுப்பில் வேறு தாள் இல்லை. அப்பாதான் டிரங்குப் பெட்டியைத் திறந்து, நாலு மூலையும் மஞ்சள் தடவிய தன் சாதகத்தை எடுத்து நீட்டினார்.

“ஐயோ, இதையா? வேணாம்ப்பா.”

“கட்டம் எம்புட்டு அழகாப் போட்டிருக்கான் பாரு. இனிமே எனக்குப் பொண்ணா பாக்கப் போறாக? ஆயுசு எண்பதுக்கு மேலன்னு எழுதிருக்கு. அது எனக்கு மனப்பாடம். காயிதம் எதுக்கு?”

சிரித்துக்கொண்டே சொன்னார். பட்டை மேலே குறுகும், கீழே விரியும். அதற்காகக் கத்தரித்தபோது ராசிக் கட்டத்தின் ஒரு ஓரம் வெட்டுப்பட்டது. அது எந்த வீடு, என்ன பலன் என்று அவளுக்குத் தெரியாது. அப்போது அது பெரிதாகவும் படவில்லை. சூட்டில் தாள் கருகுகிறதா என்று பார்க்க, முந்தாநாள்தான் அப்பா அதைக் கூடத்தில் மாட்டினார். காலையிலிருந்து கத்தரிக்கோலின் அந்தச் சத்தம் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

வெளியே மேகம் கவிந்தது. பாடை கட்டி முடித்துவிட்டார்கள்.

“இப்படி இருட்டிக் கெடந்தா எதத் தேட? லைட்டப் போடுங்கத்தா” என்றாள் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு.

“பல்பு போயிருச்சு” என்றாள் வள்ளிக்கண்ணு.

“நேத்து எரிஞ்சுச்சே?” என்றபடி அண்ணன் சேவுகன் சுவர்ப்பக்கம் வந்தான். அவனுக்கு முன்னால் அவள் போய், சுவிட்சு முதுகில் குத்தும்படி சாய்ந்து நின்றுகொண்டாள்.

வாசலிலிருந்து குரல் வந்தது. “மழ வரப்போகுது. சாதகம் இல்லாட்டி என்ன, தூக்கிருவோமா?”

“எவன்டா அது?” அத்தை சீறினாள். “அது கெடைக்காம எந்தம்பிய எவனும் தொடக் கூடாது. தூக்கிட்டு நீக போயிருவீக. ராத்திரி வாசல்ல வந்து நிக்கப் போறது அவன்ல?”

சீதாலட்சுமி முதல்தடவையாகத் தலையைத் தூக்கினாள். மேலே பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“போடு” என்றாள்.

வள்ளிக்கண்ணு திரும்பிச் சுவிட்சைத் தட்டினாள்.

ஏழு பட்டைகளில் பஞ்சாங்கத்தின் பொடி எழுத்து மஞ்சளாய்த் துலங்கியது. எட்டாவதில் கட்டங்கள். தையல் துளைகளின் வழியே புள்ளி புள்ளியாய் வெளிச்சம் அப்பாவின் மேல் போர்த்திய கோடித்துணியில் விழுந்தது. அத்தை முதலில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். அப்புறம் அண்ணாந்தாள். படிக்கத் தெரியாதவள். ஆனால் கீழ் மூலையிலிருந்த மஞ்சள் கறை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

“யாரு வெட்டுனது?”

“நாந்தான் அயித்தை.”

“யாரு எடுத்துக் குடுத்தா?”

வள்ளிக்கண்ணு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கிடக்கிறவர் மேல் எப்படிப் பழியைப் போடுவது?

“அவுகதான் குடுத்தாக,” என்றாள் அம்மா. “நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அத்தை முழங்காலில் கைவைத்து எழுந்து, தம்பியின் தலைமாட்டில் கூட்டை ஒட்டி வந்து நின்றாள். வெட்டுப்பட்ட ஓரத்தை எக்கி விரலால் தொட்டாள். சூடு பட்டிருக்க வேண்டும். விரலை எடுக்கவில்லை.

“இத எழுதையில நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். சின்னப்புள்ள. ரெண்டு தரம் மோரு வாங்கிக் குடிச்சுப்புட்டு எண்பதுக்கு மேலன்னான் அந்தச் சோசியன்.” விரல் ஓரத்திலேயே இருந்தது. “அவன் கையையில்ல வெட்டியிருக்கணும்.”

யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

“கழட்டுடா சேவுகா.”

சேவுகன் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினான். அந்த ஒரு பட்டையை மட்டும் அறுத்து எடுக்கலாம் என்று அம்மாக்கண்ணு கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள்.

“வெட்டுனது போதும்,” என்றாள் அத்தை. “முழுசா அவன் நெஞ்சு மேல வை.”

மறுநாள் காலை பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போன சேவுகன் திரும்பி வந்தான். வாசலில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே வராமல் நின்றான். துண்டுக்குள்ளிருந்து அவன் எடுத்து நீட்டியது வெறும் கம்பிச் சட்டம். தாள், துணி, நூல் ஒன்றும் இல்லை.

“இத அங்குட்டே போட்டுட்டு வர மனசு வரல,” என்றான் யாரையும் பார்க்காமல்.

சுடுகாட்டுச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று அத்தை கேட்கவில்லை. தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வள்ளிக்கண்ணு வாசல் குழாயடியில் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்தாள். கரி போகவில்லை. முடிச்சுகள் முறுக்கியபடியே இருந்தன. சிமிண்டுத் தரையில் வைத்துக் கையை எடுத்தாள்.

ஆடியது.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு குறடு எடுக்க உள்ளே போனாள்.